பெயர் கேட்கும் கட்டம்

கவிதா பென்டிரைவைச் செருகித் தன் புரோகிராமைக் காபி விவசாயிகள் சங்கத்தின் பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு காபிப்பழப் படம் வந்து உட்கார்ந்தது. அதன்மேல் இரண்டு முறை தட்டினாள். உடனே ஓர் எச்சரிக்கை எழுந்தது: இதை எழுதியவர் யாரென்று தெரியவில்லை, திறக்கத்தான் வேண்டுமா?

தெரியாதவள்தான். கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு கல்யாணமாகி மலைக்கு வந்தவள். பதினோரு வருஷமாகச் சமையல்கட்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குமாக நடந்ததில் படித்ததெல்லாம் மங்கிப் போயிருந்தது. பிறகு மத்தியான வேளைகளில் போனில் பாடம் பார்த்து, மறந்ததை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. எதுக்கு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது என்ற பயம்தான். சங்கத்தில் எடைக் கணக்கு எழுதிவந்த ரைட்டர் போன பிறகுதான், அதற்கொரு புரோகிராம் எழுதித் தருவதாக முதன்முதலில் வாய் திறந்தாள்.

'திற' என்பதை அழுத்தினாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஜன்னலை விரித்தது. மேலே பெயர் கேட்கும் கட்டம், கீழே எடை, அதற்கும் கீழே பச்சைப் பொத்தான். வீட்டில் பார்த்த மாதிரியேதான் இருந்தது. அவளுக்கு மூச்சு இலேசாயிற்று.

சங்கச் செயலாளர் மாதேஷ் தராசுப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "தொறந்துருச்சுங்களா? இன்னிக்கு வர்ற பழம் பூராவும் இதுல ஏறிட்டா சீசன் முழுக்க இதையே வெச்சுக்கலாம். தடுமாறுச்சுன்னா பழையபடி கையால எழுதற சீட்டுத்தானுங்க."

அந்த ஒரு நாள்தான் அவளுக்குக் கிடைத்திருந்தது.

பனி விலகியதும் செம்மநத்தம் பக்கத்துப் பழமூட்டைகள் சங்கக் கொட்டகையில் வந்து இறங்கின. ஆண்கள் பறிப்பில் நிற்க, பழத்தோடு வந்தவர்கள் பெண்கள். முதலில் வந்தவள் குப்பாயி.

"யார் பேர்லீங்க அக்கா காபிக் காடு?"

"எங்கூட்டுக்காரர் பேர்லதான் கண்ணு."

"அவர் பேரு சொல்லுங்க."

குப்பாயி முந்தானையை இழுத்துச் சிரித்தாள். "அதெப்படி நான் சொல்றது? பழனியில ஆண்டியா நிக்கிறாரே, அந்தச் சாமி பேருதான்."

கவிதா 'பழனி' என்று தட்டினாள். பழனிசாமி, பழனியப்பன், பழனிமுத்து என்று வரிசையாக வந்து நின்றார்கள்.

"அவுங்க இல்ல கண்ணு. அந்தச் சாமி சின்னப் பையனா இருக்கறப்ப."

"சின்னப் பையனையா கட்டிக்கிட்டு வந்தே நீ?" என்றது வரிசையில் ஒரு குரல். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

கவிதா பின்னால் நின்ற ராணியைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க அக்கா."

"எனக்கு அவரு மூத்தாருங்க. நான் மட்டும் சொல்லலாமா?"

"குழந்தைவேலு!" என்று தராசுப் பக்கமிருந்து மாதேஷ் குரல் கொடுத்தார். அடுத்து வந்த ராணிக்கும் அவரே குரல் கொடுத்தார். அதற்கடுத்தவளுக்கு எழுந்தே வந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. முன்னாடி இருந்த ரைட்டரு மூஞ்சியப் பாத்தே எழுதிருவாரு. இப்ப ஒவ்வொரு பேருக்கும் நான் ஓடி வந்தா தராசை யாரு பாக்கறது? சீட்டையே எடுத்தறட்டுங்களா?"

கவிதாவுக்குக் காது சுட்டது. எத்தனை முறை சோதித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் அவள் தட்டியது 'பிரபாகர்' என்ற பெயரைத்தான், தன் கணவனின் பெயரை. வாயால் அதை ஒரு நாளும் சொன்னதில்லை. 'ஏனுங்க' என்பதோடு சரி. விரல்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. யாருமில்லாத வீட்டில், சத்தமில்லாமல், நூறு தடவை அவரைக் கூப்பிட்டிருந்தன. அதனால்தான் கணவன் பெயரை ஒருத்தி நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. சங்கம் கொடுத்த உறுப்பினர் விவரத்தில் மனைவியின் பெயரும் இருந்தது. பழத்துக்கு அது எதற்கு என்று மறைத்து வைத்தவளும் அவளே. யாரும் சொல்லிக் கொடுக்காமலே எப்படி அதைச் செய்தோம் என்று நினைக்கையில் உள்ளே என்னவோ குறுகியது.

"ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்கண்ணா" என்றாள்.

மாதேஷ் தராசைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "டீ ஆறறதுக்குள்ள முடிச்சுருங்க."

மடிக்கணினியைத் திறந்து, மறைத்து வைத்த பெயர்களை வெளியே கொண்டுவந்தாள். யார் பெயரைத் தட்டினாலும் அந்தக் குடும்பம் வர வேண்டும். இரண்டு இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது. அவசரத்தில் ஓர் எழுத்து விட்டுப்போய் ஒரு தடவை பிழை காட்டி நின்றது. திருத்தி, புரோகிராமை மறுபடி கட்டி முடித்து, பென்டிரைவில் ஏற்றி, பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டாள். மறுபடியும் அதே எச்சரிக்கை. இந்த முறை அவள் அதைப் படிக்க நிற்கவில்லை. அடுத்த மூட்டையோடு குப்பாயி மறுபடி தராசுக்கு வந்திருந்தாள்.

"அக்கா, உங்க பேரு?"

"எம்பேரா? எம்பேருல ஒண்ணும் இல்லியே கண்ணு."

"பரவால்ல, சொல்லுங்க."

"குப்பாயி." இரண்டாம் மூட்டையைக் கையால் அணைத்தபடி, ரகசியம்போலச் சொன்னாள்.

கவிதா தட்டினாள். திரையில் மூன்று குப்பாயிகள் வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் கணவனின் பெயர். இரண்டாவது வரியில் விரலை வைத்து, "இவருங்களா?" என்றாள்.

குப்பாயி எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எடை ஏறியது. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் ரசீது அச்சாகி வந்தது. அடுத்து ராணியின் இரண்டாம் மூட்டை, அவள் பின்னால் மற்றவர்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக, கூச்சத்தோடும் கூச்சமில்லாமலும், கொட்டகைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தன. வரிசை நின்றுபோகாமல் நகர்ந்தது.

கடைசி மூட்டை இறங்கியபோது மாதேஷ் சீட்டுக் கட்டைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"மூணு குப்பாயிக்கே விரலை வெச்சுக் கேட்டீங்களே, கமலா மட்டும் எத்தனை பேரு தெரியுங்களா? பக்கத்துல ஊர்ப் பேரையும் போட்டுட்டு நாளைக்கு வெள்ளனயே வந்துருங்க."

"சரிங்கண்ணா" என்றாள் கவிதா. எதுக்கு இதெல்லாம் என்று அங்கே யாரும் அவளைக் கேட்கவில்லை.