சுவரில் வெட்டிய அடுத்த வரி

"இது என்ன படம்?"

"படமில்ல, எழுத்து. பினீசியக் கப்பல்காரங்க இதை மாட்டுத்தலைன்னு சொல்லுவாங்க. நாம திருப்பி வெச்சு 'அ'ன்னு ஓசை குடுத்துட்டோம். அவங்க எழுத்துல 'அ', 'எ' மாதிரி உயிரெழுத்து எதுவும் கிடையாது."

"அப்போ எப்படிப் படிக்கிறாங்க?"

"ஊகிச்சுப்பாங்க. உன்னை மாதிரி கேள்வி கேட்டுட்டு நிக்க மாட்டாங்க."

அப்போது எனக்குப் பதினான்கு வயது. பதில் சொன்னவன் சோசோஸ்; ஊர்ச் சட்டங்களைச் சுவரில் வெட்டுகிற குடும்பம் அவனுடையது. வெட்டிய எழுத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியபடியே அந்தக் கோடை முழுக்க எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தான். வீட்டில் நான் மூச்சுவிடவில்லை.

என்னைப் பிரிய மனமில்லாமல் இருபது வயதுவரை வைத்திருந்த அப்பா, இந்த ஆலிவ் அறுவடையில் இறந்துபோனார். எனக்கு உடன்பிறந்தவன் இல்லை. எங்கள் ஊரான கோர்த்தினில் அப்படிப்பட்ட பெண், சொத்தோடு அப்பாவின் தம்பிக்குத்தான் மனைவியாகப் போவாள். வழக்கம் அது. அடக்கம் முடிந்த மறுநாளே லாசோஸ் சித்தப்பா தன் நாய்களோடு வந்து, கிடங்குச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு பிடி பார்லிக்கும் நான் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஓடைக்குப் போனால்கூடப் பின்னால் ஓர் அடிமைப்பெண் வருவாள்.

சித்தப்பாவாக அவர் நல்லவர்தான், சின்ன வயதில் அத்திப்பழம் கொண்டுவருவார். அதே மனிதர் இப்போது என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வேண்டாமே என்று முனகினேன்.

"நானா கேக்குறேன்? கல்லுல வெட்டி வெச்சிருக்கு. படிக்கத் தெரிஞ்சவனைக் கேட்டுப் பாரு, பொண்ணே" என்று சிரித்தார். அடுத்த பௌர்ணமிக்குத் திருமணம் என்றும் சொல்லிவிட்டார்.

தானியத் தேவி தெமெத்தரின் திருவிழாவன்று பெண்கள் ஊருக்குள் விருப்பம்போல் நடமாடலாம். நான் சுவரின் முன்னால் நின்றேன். வலமிருந்து இடமாக ஓடிய வரி, ஏர்மாடு திரும்புவதுபோலத் திரும்பி இடமிருந்து வலமாக வந்தது. அப்பாவின் தம்பிக்கே என்றுதான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினேன். வயது வந்த பெண்ணுக்கு அவனை மணக்க விருப்பமில்லையென்றால், ஊருக்குள் இருக்கும் வீடு அவளுக்கு. மற்றதில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, தன் குலத்தில் தன்னைக் கேட்பவர்களில் பிடித்தவனை மணக்கலாம். மூன்று முறை படித்தேன்.

கேட்பவர்களில். யார் கேட்பார்கள்? எங்கள் குலத்து ஆண்கள் அத்தனை பேரும் தினமும் ஒரே கூடத்தில், லாசோஸோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். சோசோஸும் அங்கேதான், கடைசிப் பலகையில். ஆறு வருடமாக நான் கடந்து போகும்போதெல்லாம் அவன் கல்லையே பார்ப்பான். நானும் ஒரு வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு நடப்பேன்.

சுவரின் கோடியில் உளிச் சத்தம் நின்றது.

"அந்த வரியை வெட்டினது நான்தான்" என்றான் சோசோஸ்.

"பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிட்டு நானே உன்னைக் கேட்டா, சொத்துக்காகன்னு ஊர் சொல்லும். நாளைக்கு நீயும் நினைப்ப."

அடிமைப்பெண் பின்னாலிருந்து, நேரமாகிறது என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

"இன்னிக்கே, அந்தக் கூடத்துல, லாசோஸ் முன்னாடி எழுந்து நின்னு என்னைப் பொண்ணு கேளு, சோசோஸ்."