தாழ்ப்பாள் இல்லாத கதவு

வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு, குளியலறை வாசலில் தன் முறைக்காகக் காத்திருந்தாள் சந்தனமேரி. முப்பது வருஷம் குவாரியில் ஜல்லி உடைத்தவள்; கொஞ்ச நேரம் நின்றாலே முழங்கால் நடுங்கும். இலுப்பூருக்குப் பக்கத்திலிருந்த அந்த முதியோர் இல்லத்தில் பதினோரு பெண்களுக்கும் அந்த ஒரு குளியலறைதான். போன ஆடியில் ஒருத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு விழுந்துவிட, கதவை உடைத்துத் தூக்க வேண்டியதாயிற்று. மறுநாளே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் பெண்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். குளிக்கிறவள் தன் சேலையைக் கதவின் வெளிப்பக்க ஆணியில் தொங்கவிடுவாள். சேலை தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம்.

அன்றைக்கு, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த திருமுருகன் தன் அப்பா நினைவாக மதியச் சாப்பாடு போடக் குடும்பத்தோடு வந்திருந்தார். வந்தவர்கள் கண்ணில் துணிமணி படக்கூடாது என்று வார்டன் கலைமதி சொல்லிவிட்டாள். கொடியில் கிடந்ததை அள்ளிய வேகத்தில், சந்தனமேரி உள்ளே போகும்போது ஆணியில் தொங்கவிட்ட சேலையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனாள் ஆயா அழகி.

காலமெல்லாம் குவாரிக் குட்டையில் பாவாடையை நெஞ்சில் கட்டிக் குளித்தவள் சந்தனமேரி. இங்கே வந்த பிறகுதான், நாலு சுவர் இருக்கிறதே என்று அதையும் அவிழ்த்து வைத்துக் குளிக்கப் பழகியிருந்தாள்.

கைகழுவ இடம் தேடி வந்த திருமுருகன் கதவைத் தள்ளினார்.

கையிலிருந்த மக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன மக் எதைத்தான் மறைக்கும்? "மன்னிச்சுக்கங்கம்மா" என்ற குரலோடு கதவு சாத்திக்கொண்டது.

பந்தியில் அவளை முன்வரிசையில் உட்கார வைத்து, நன்றாக ஜெபிப்பாளென்று ஜெபம் பண்ணவும் சொன்னார்கள். திருமுருகனின் அப்பா ஆத்துமாவுக்காக அவள் ஜெபித்தாள். அவர் இலையைப் பார்த்தபடி நின்றார். அவளும் இலையைத்தான் பார்த்தாள்.

சாயங்காலம் ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கலைமதியிடம் நடந்ததைச் சொன்னாள்.

"ஒரு கொக்கி மட்டும் போட்டுக் குடுங்கம்மா. என் தகரக் கொட்டகைக்கே உள்ள கொக்கி இருந்துச்சு."

"கொட்டகையில தனியா இருக்கப் பயமா இருக்குன்னுதான இங்கிட்டு வந்தீங்க? நாளைக்கு நீங்களும் விழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றது?" கலைமதி சிரித்தாள். "இந்த வயசுல ஒங்கள யாரு ஆத்தா பாக்கப் போறா?"

சந்தனமேரி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். மடித்த சேலையோடு அழகி நின்றிருந்தாள்.

"நான்தான் எடுத்தேன்னு சொல்லிருக்கலாம்ல, ஆத்தா?"

"சொன்னா ஒன் வேலை போகும். எனக்குக் கொக்கி வந்துருமா?"

அடுத்த வாரம், திருமுருகன் ஊருக்குப் போகுமுன் கொடுத்துவிட்டுப் போனதென்று, குளியலறையின் பின்சுவரில் எவர்சில்வர் கம்பி ஒன்றைப் பொருத்தினார்கள். வயசானவர்கள் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்ளவாம். அவருடைய அப்பா பெயரும் அதில் வெட்டியிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராய் வந்து தடவிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் சந்தனமேரி பாவாடையை நெஞ்சில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். இடது உள்ளங்கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மொண்டு ஊற்றினாள். சோப்பு நுரையில் கால் ஒருமுறை வழுக்கியது. கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், கைக்கு எட்டாத தூரத்தில், கம்பி நனையாமல் மின்னியது.