நாற்பத்தொன்றாம் சுற்றறிக்கை

நிர்வாக அதிகாரிக்கு அந்த ஆஸ்பத்திரியில் 'சர்க்குலர்' என்று பெயர். வாயால் சொன்னால் முடிகிற விஷயத்துக்கும் ஒரு சுற்றறிக்கை அடித்துப் பலகையில் ஒட்டிவிடுவார். நாற்பத்தொன்றாவது சுற்றறிக்கைப்படி, அவர் கையெழுத்து இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒரு பஞ்சுச் சுருள்கூட வெளியே போகக் கூடாது. யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. வேண்டியதை வார்டுகள் எடுத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் மொத்தமாக ஒரே தாளில் கையெழுத்து வாங்குவார்கள். ஆஸ்பத்திரி ஓடியது அப்படித்தான்.

இனி நாற்பத்தொன்றை எழுத்துக்கு எழுத்து மதிப்போம் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னவள், அறுவை வார்டின் மூத்த நர்ஸ். சங்கச் செயலாளரும் அவள்தான். ஒப்பந்த நர்ஸுகளுக்கும் நிரந்தர நர்ஸுகளுக்கும் ஒரே சம்பளம், ஷிப்ட் மாறும்போது வார்டை ஒப்படைத்து வாங்கும் அரை மணி நேரமும் வேலைக் கணக்கு, ஒப்பந்தக்காரிகளுக்கும் பிரசவ விடுப்பு என்று மூன்று வருஷமாக மனு கொடுத்து அலுத்திருந்தார்கள்.

மூன்றாவது கோரிக்கையை மட்டும் அவள் தாளைப் பார்க்காமலே சொல்வாள். அவள் தங்கையும் அங்கே ஒப்பந்த நர்ஸ். ஏழாம் மாதத்தில் கால் வீங்கி, தலை சுற்றி, விடுப்பு கேட்டுப் போனவளிடம், நிற்க முடியாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார் சர்க்குலர். வேலைக்குப் பயந்து பதினொரு நாள் நின்றாள். பன்னிரண்டாம் நாள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது.

வேலைநிறுத்தம் செய்யலாம் என்றார்கள் சிலர்.

"நோயாளி என்ன பாவம் பண்ணினான்? அடி அந்தாள் மேல மட்டும் விழணும்" என்றாள் அக்கா.

அவசரப் பிரிவையும் தீவிர சிகிச்சையையும் இதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். மற்ற வார்டுகளுக்கு நான்கு நாள் சாமானை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை சர்க்குலரின் அறை வாசலில் வரிசை நின்றது. கையுறைக்கு ஒரு சீட்டு, ஊசிக்கு ஒரு சீட்டு, படுக்கை விரிப்புக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று. மதியம் சோற்றில் கை வைத்தவரிடம், நிதானமாகச் சாப்பிடுங்க, நாங்க நிக்கறோம் என்று கரிசனத்தோடு சொன்னாள் ஒருத்தி. கழிப்பறைக்குப் போனார். வெளியே வந்தபோது வாசலில் பேனாவோடு இருவர்.

சுற்றறிக்கையை ரத்து செய்யலாம் என்றால், அதற்குத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். பெருமைக்காக அங்கே நகல் அனுப்பி ஒப்புதல் வாங்கி வைத்தவரே அவர்தான். மூன்றாம் நாள் சீட்டுகளைப் படித்துப் பார்ப்பதை நிறுத்தினார். ஐந்தாம் நாள் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார். கட்டுத்துணிக்கும் அவரே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் மூத்த நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டார். தங்கையை நிரந்தரமாக்கிவிடுவதாகவும், வரிசையை மட்டும் கலைத்துவிடும்படியும் கேட்டார்.

"அவளுக்கு மட்டும் பண்ணி என் வாயை அடைக்கப் பாக்கறீங்களா சார்?" என்றாள் அவள். எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் தலைமையகம் அவரைக் கடிந்துகொண்டது. சங்கத்தோடு உடனே பேசி முடித்து, ஒப்பந்தத்தைக் கையெழுத்தோடு அனுப்பச் சொன்னது. அவள் தட்டச்சு செய்துகொண்டு போன பதினான்கு பக்கங்களை மேஜையில் வைத்தாள்.

"படிச்சுட்டுப் போடுங்க சார். ஆறாம் பக்கத்தை முக்கியமா."

"உங்க சீட்டைப் பாத்துப் பாத்துக் கண்ணே அவிஞ்சுபோச்சும்மா. எங்கே போடணும், அதைச் சொல்லு."

இன்னொரு தரம் சொன்னாள். அதற்குள் அவர் ஒன்பதாம் பக்கத்தைத் தாண்டியிருந்தார். தலைமையகமும் ஒப்பமிட்டது. கோரிக்கைகள் மூன்றும் ஆணையாயின.

ஆறாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: கடந்த இரண்டு வருஷத்தில் மறுக்கப்பட்ட ஒவ்வொரு பிரசவ விடுப்பும் விசாரிக்கப்படும், மறுத்த அதிகாரி, விசாரணை முடியும்வரை பதவியில் இருக்கக் கூடாது.

விசாரணை நாளன்று சர்க்குலர் அறைக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரே மாதத்தில் சட்டை தொளதொளத்திருந்தது. சாட்சி சொல்லத் தங்கையை அழைத்துக்கொண்டு வந்த மூத்த நர்ஸைப் பார்த்ததும் எழுந்தார்.

"எனக்கும் பொண்ணு இருக்கும்மா. கொஞ்சம் பாத்துச் சொல்லச் சொல்லு."

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"எவ்வளவு சொல்லட்டும்க்கா?"

அவர் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள் அக்கா. கொஞ்சமும் பாவமாக இல்லை.

"எல்லாத்தையும் சொல்லு. பதினொரு நாளையும், ஒவ்வொரு நாளா."

கதவைத் திறந்து தங்கையை உள்ளே அனுப்பிவிட்டு, பெஞ்சில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.