முதலாளி செலவில் சட்டம்

முதலாளிக்கு நல்ல மனசு வந்துவிட்டது என்ற செய்தி சலவை ஆலைக்குள் நுழைந்தபோது யாரும் அதை நம்பவில்லை. பாய்லர்காரர் மட்டும், "அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டியே விட்டார்கள். வேலை செய்துகொண்டே கல்லூரியில் படிக்க விரும்பும் தொழிலாளிக்கு ஆலையே கட்டணம் கட்டும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கேட்டது ஒரே ஒருத்திதான். ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கிற பகுதியில் இருந்த அவளை எல்லாரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பேர் இல்லை, வாயால் வந்த பேர். யாருக்கு அரை நாள் சம்பளம் பிடித்தாலும் மேனேஜர் அறைக்கு முதலில் போய் நிற்பது அவள்தான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கல்யாணம், பிறகு பிள்ளை, பிறகு இந்த ஆலை. இப்போது பிள்ளையே தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான், படிப்பு ஆசை மட்டும் விட்டுத் தொலைய மாட்டேன் என்றது. மாலை நேரச் சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதினாள். இடமும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் சம்பளத்துக்கு அந்தப் பணம் எட்டாக்கனி.

"சட்டமா?" மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "சலவைக்கும் சட்டத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? மேனேஜ்மென்ட் படி. சூப்பர்வைசராவது ஆகலாம்."

"இதைத்தான் படிக்கணும்னு அறிவிப்புல போடலையே சார்."

அறிவிப்பை எழுதியவர் அவரேதான். வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு தலையாட்டினார்.

அவளுடைய அண்ணிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அண்ணி என்றால் கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி. அதே ஆலையில், அதே உருளைக்கு முன்னால், விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள். துணியைத் தேய்க்கிற சூடான பெரிய உருளையிலிருந்து விரிப்பு வெளியே வரும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஓரெட்டு உள்ளே வந்து, ஒருத்தி மூலையை மற்றவள் கையில் கொடுத்து, மறுபடி விலகி, மறுபடி சேர்ந்து மடிக்க வேண்டும். பேச்சு தேவையில்லை. கை பாட்டுக்கு மடிக்கும், வாய் பாட்டுக்குச் சண்டை போடும்.

"அவர் காசு, அவர் குடுக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கோயேன்டி. எதுக்கு விதண்டாவாதம்?"

"கும்பிட என்ன இருக்கு அண்ணி? இந்தச் சூட்டுல நின்னு நாம வேகறோம். அதுல வந்த காசுதானே?"

"வெந்ததுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் குடுத்துடறாரே."

"அது சோத்துக்கே சரியாப் போயிடுது. மூளைக்கு யார் போடறது?"

"உனக்கு இருக்கிற மூளையே அதிகம். இன்னும் போட்டா வெடிச்சுடும்" என்றாள் அண்ணி. விரிப்பு மடிந்து அடுக்கில் உட்கார்ந்தது.

வியாழக்கிழமை காலையில் பாராட்டு விழா. உருளைகளை நிறுத்தி எல்லாரையும் கூடத்தில் கூட்டினார்கள். பத்திரிகைக்குப் படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். துணியில் அச்சடித்த நீளமான பேனர் ஒன்றும் வந்திருந்தது. "எங்கள் செலவில் ஒரு வழக்கறிஞர்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஓரத்தில் அவள் முகத்தையும், அதைப்போல் நாலு மடங்கு முதலாளி முகத்தையும் போட்டிருந்தார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாளைக்குப் பணம் கட்டிவிட்டால் போதும், இந்த மூஞ்சி எத்தனை பெரிதாக இருந்தால் என்ன.

சுவரெல்லாம் நீராவியில் ஊறிக் கிடந்ததால் பேனர் ஒட்டவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கோங்க" என்றார் மேனேஜர். அவளும் அண்ணியும் பிடித்தார்கள். முதலாளி நடுவில் வந்து நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

படம் எடுக்கிறவர் கேமராவில் கண்ணை வைத்தபடி, "துணி தொங்குது சார், ஒரு நிமிஷம் தள்ளி நில்லுங்க" என்றார். முதலாளி தள்ளி நின்றார். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஓரெட்டு உள்ள வாங்க."

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. இருவரும் ஓரெட்டு உள்ளே வந்தார்கள். அண்ணியின் கை மூலைகளை அவள் கையில் கொடுத்தது. அவள் கை அதை வாங்கி நீவியது. விலகினார்கள், மறுபடி சேர்ந்தார்கள். என்ன செய்கிறோம் என்று புரிவதற்குள் பேனர் பொட்டலமாக அவள் கையில் இருந்தது. மேல் மடிப்பில் முதலாளியின் மூக்கு மட்டும் தெரிந்தது.

 உலர்த்தும் பகுதி ஆட்களில் யாரோ களுக்கென்று சிரிக்க, ஆலையே விழுந்து விழுந்து சிரித்தது.

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "வேணும்னே பண்றியா? படிக்கப் போறதுக்கு முன்னாடியே இவ்வளவு திமிரா? என் காசுல படிச்சுட்டு நாளைக்கு என் மேலயே கேஸ் போடுவே, அப்படித்தானே?"

மேனேஜர் அவள் காதருகே குனிந்தார். "கைப்பழக்கத்துல நடந்துடுச்சுன்னு சொல்லு. மன்னிப்புக் கேட்டுடு. விஷயம் முடிஞ்சுடும்."

அதுதான் உண்மையும்கூட. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் முதலாளி படம் எடுக்கிறவர் பக்கம் திரும்பி, "பாவம்னு பிச்சை போட்டா இப்படித்தான் சார்" என்றார்.

அவளுக்குள் என்னமோ அறுந்துபோனது.  

"தெரிஞ்சுதான் மடிச்சேங்க" என்றாள். "ஆஸ்பத்திரிக்காரன் சலவைக் கூலின்னு மாசாமாசம் உங்களுக்குக் குடுக்கிறதைப் பிச்சைன்னா சொல்றீங்க? இங்க வேலை பாக்கிறவங்களுக்குச் சேர வேண்டியது இது. உங்க படத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு வாங்க வேண்டியது இல்லை."

முதலாளி அண்ணியைப் பார்த்தார். அவர் எதிரில் ஒருநாள்கூட நிமிர்ந்து பேசாதவள் அவள். "நீயும் தெரிஞ்சுதான் மடிச்சியா?"

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒருத்தியால மடிக்க முடியாதுங்க ஐயா. அதுக்கு ரெண்டு பேர் வேணும்."

கட்டணம் கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். துணி மாற்றும் அறையில் உட்கார்ந்து அவள் வெட்கம் பார்க்காமல் அழுதாள். இத்தனை வயதுக்கு மேல் கிடைத்த இடம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அது அவளுடையது. அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சு மடிச்சோம்னு பொய்தானேடி சொன்னே?"

"ஆமா."

"நானும் பொய்தான் சொன்னேன்." அண்ணி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி டப்பாவைத் திறக்காமல் நேராக மேனேஜர் அறை வாசலுக்குப் போனாள். மேனேஜர் வெளியே வந்து பார்த்தார்.

"அந்த அறிவிப்பை நீங்க இன்னும் கிழிக்கலை. யார் வேணும்னாலும் கேக்கலாம்னு போட்டிருக்கு. நான் கேக்கறேன்" என்றாள் அண்ணி.

"நீ என்னம்மா படிக்கப் போறே?"

"சரித்திரம். எந்த ராஜா எங்க சண்டை போட்டான்னு எழுதி வெச்சிருக்காங்களாமே, அவன் துணியை யார் துவைச்சான்னு எங்கயாவது எழுதியிருக்கான்னு பாக்கணும்."

அவர் சிரிப்பதா திட்டுவதா என்று முழித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணிக்குப் பின்னால் உலர்த்தும் பகுதிப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வண்டி தள்ளுகிறவர். அவருக்குப் பின்னால் கறை எடுக்கிற அக்கா தங்கை இரண்டு பேர், இன்றைக்கென்று சண்டை போடாமல். பாதிப் பேர் படிக்கவே வந்தார்கள். மீதிப் பேர் மேனேஜர் முகத்தைப் பார்க்க வந்தார்கள். எப்படியோ வரிசை உருளைகளைத் தாண்டிப் பாய்லர் அறை வரைக்கும் நீண்டது. வக்கீலம்மா தன் உருளைக்குப் பக்கத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை.

முதலாளியே இறங்கி வந்தார். முதலில் கண்ணில் பட்டது பாய்லர்காரர்.

"உனக்கு என்னய்யா படிப்பு?"

"நட்சத்திரம் பத்தின படிப்புங்க."

"அதை வெச்சுப் பாய்லர்ல என்ன பண்ணுவே?"

"பாய்லர்ல ஒண்ணும் பண்ண மாட்டேங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப மேல பாப்பேன்."

 முதலாளி வரிசையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நேராக வக்கீலம்மாவிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்தார்.

"சரிம்மா, உன் வழிக்கே வரேன். உனக்கு இப்பவே கட்டிடறேன், மேனேஜரே கூட வருவார். சட்டமே படி. பேனரும் வேணாம், படமும் வேணாம். இவங்களை மட்டும் கலைஞ்சு போகச் சொல்லிடு. நீ சொன்னா கேப்பாங்க."

 கல்லூரியில் பணம் வாங்கும் ஜன்னலைச் சாயங்காலம் மூடிவிடுவார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு, வெட்கம்கெட்ட அளவுக்கு வேண்டும் என்று இருந்தது. வரிசையின் முன்னால் அண்ணி முதுகைக் காட்டியபடி நின்றிருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாய்லர்காரர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முதலாளியைத் தாண்டி நடந்தாள். வரிசையின் ஓரமாகவே போய், பாய்லர் அறை வாசலில் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றாள்.

"என்னம்மா, உனக்கு வேணாமா?" என்றார் முதலாளி.

"வேணுங்க" என்றாள். "என் முறை வரப்போ வாங்கிக்கறேன்."