நாலு பேருக்கு எழுதிய சண்டை

ஆட்டத்தின் மூன்றாவது சுற்றில் கூரியர்க்காரர் ஆடும் திருடன் சுருண்டு விழுந்த பிறகுதான், தங்கை மேசையைச் சுற்றி ஆட்களை எண்ணினாள். மூன்று பேர். சண்டையை அவள் நாலு பேருக்கு எழுதியிருந்தாள்.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒருத்தி கதை சொல்லுவாள், எதிரிகளையும் அவளே நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். அடி விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். உயிர்ப்புள்ளி தீர்ந்தால் ஆள் காலி. கதை சொல்கிறவளுக்குத்தான் தலைவலி. எதிரி சோப்ளாங்கியாக இருந்தால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். முரடாக இருந்தால் கூண்டோடு போய்ச் சேருவார்கள். யார் யார் வருகிறார்கள், யாருக்கு எவ்வளவு தெம்பு என்று பார்த்துச் சண்டையை அளந்து கட்ட வேண்டும். தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. காலி மருந்துப்பெட்டிகளைப் பிரித்து, அவற்றின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக்கொண்டு வருவாள்.

அவளுடைய அண்ணன் கிரேன் ஓட்டுபவன். மூன்று மாதம் முன்பு அவன் தூக்கிய கம்பிக்கட்டு சரிந்து, கீழே நின்று கொக்கி மாட்டுகிறவரின் இரண்டு கால்களும் நசுங்கிவிட்டன. யார் மேலும் தப்பில்லை என்று கம்பெனி எழுதி மூடிவிட்டது. அண்ணனும் தன் அறைக் கதவை மூடிக்கொண்டான். அந்த மனிதர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார், அதுவும் அண்ணி நர்ஸாக இருக்கும் அதே ஆஸ்பத்திரியில். அண்ணன் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், பேசு என்றால் சுவரைப் பார்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் கேடயக்காரனாக இந்த மேசைக்கு வந்து உட்காருவான். கேடயக்காரன் அதட்டுவான், கிண்டலடிப்பான், சிரிக்கக்கூடச் செய்வான். ஆட்டத்தில் அந்தக் கேடயக்காரன் செத்துப்போனால் அண்ணன் ஒரேயடியாக அறைக்குள் போய்விடுவான் என்று தங்கை நடுங்கினாள். அதனாலேயே இரண்டு மாதமாகப் பூனைக்குட்டி மாதிரி எதிரிகளை அனுப்பி, பகடையையும் அட்டைக்குப் பின்னால் மறைத்து உருட்டி, விழாத எண்ணையெல்லாம் விழுந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்களத் தாலாட்டுறியா? இனிமே எல்லாரும் பாக்க உருட்டு," என்று ஒரு தகரத் தட்டைக் கொண்டுவந்து மேசை நடுவில் டங்கென்று வைத்தான்.

சரி என்று இந்த வாரம் நிஜச் சண்டையாகவே எழுதினாள். ஐந்து ஓநாய்கள். அடிபட்டவர்களைத் தேற்ற அண்ணி ஆடும் மருத்துவச்சி இருக்கிறாள் என்ற தைரியம். ஆனால் அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால் அண்ணியை ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் ஆரம்பியுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தாள். இவளும் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு ஓநாய்களைக் கழிக்க வேண்டும் என்று அவள் மண்டைக்கு உறைக்கவேயில்லை.

இப்போது மூன்று கறுப்புச் சட்டைப் பொத்தான்கள், அதாவது மூன்று ஓநாய்கள், மிச்சம்.

"எனக்கு ரெண்டு புள்ளிதான் இருக்கு. இவ நம்மளக் கொல்லத்தான் கூப்பிட்டிருக்கா," என்றார் வில்லாளியாக ஆடும் மாடிவீட்டு டீச்சர்.

"என் பின்னால வாங்க டீச்சர்," என்றான் அண்ணன். கேடயக்காரனைக் குகை வாசலில் நகர்த்தி வைத்தான். அவனுக்கும் மூன்றே புள்ளி. "உருட்டு."

பகடை தங்கையின் உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்ப... ஓநாய்ங்க எதையோ பாத்து மிரண்டு..."

"எதப் பாத்து?"

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு மேல் ஒரு பொய் சொன்னாலும் எழுந்து போய்விடுவான், உண்மையைச் சொன்னாலும் போய்விடுவான் என்று தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தப்பு என்னுதுண்ணா. நாலு பேருக்கு எழுதுனது. அண்ணி வரலன்னு தெரிஞ்சும் குறைக்கல. ஒரு தடவ திருப்பிப் பாத்திருக்கணும். பாக்காமலே ஆரம்பிச்சுட்டேன்."

அண்ணன் கையை நீட்டி மருந்து அட்டையை வாங்கினான். மேலே 'நாலு பேர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"நானும் பாக்கல," என்றான்.

"என்னண்ணா?"

"அன்னைக்கு. கம்பிக்கட்டோட எடைச் சீட்டு முந்தின நாளுது. அதுக்கப்புறம் கட்டுல கம்பி சேத்தது எனக்குத் தெரியும். மறுபடி எடை போடச் சொல்லியிருக்கணும். சொல்லாமலே தூக்கிட்டேன்." அட்டையை மேசையில் வைத்தான். "யாரும் கேக்கல. நானும் சொல்லல."

கூரியர்க்காரர் தலை குனிந்துகொண்டார். பரவாயில்லை என்று சொல்லத்தான் தங்கை வாயெடுத்தாள். அந்தக் கால்களை நினைத்ததும் சொல்ல முடியவில்லை.

"இந்தச் சண்டைய அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆடலாம்ண்ணா," என்றாள், கெஞ்சாத குறையாக.

"வேணாம். உருட்டு."

உருட்டினாள். பகடை தட்டில் சடசடவென்று ஓடி நின்றது. பதினேழு. ஓநாயின் கடி விழப் பன்னிரண்டு வந்திருந்தாலே போதும்; கேடயக்காரனின் மூன்று புள்ளியும் தீர்ந்தது. அண்ணன் பென்சிலை எடுத்து, கேடயக்காரனின் பெயர் மேல் தானே கோடு போட்டான். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

அவ்வளவுதான், போகிறான் என்று தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள். அறைக் கதவு சாத்துகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது கேட்கவில்லை. விரல்களுக்கு இடையே பார்த்தால், வாசலருகே குனிந்து, மூன்று மாதமாகத் தொடாத ஷூவிலிருந்து தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"உங்க அண்ணிக்குப் போன் போடு," என்றான் நிமிராமல். "அவரு எந்த வார்டுல இருக்காருன்னு கேளு."