ஏலிக்குட்டியின் இரும்பு வீடு

வேறெந்த வீட்டுப் படியானாலும் பொன்னப்பன் மேஸ்திரி ஏறியிருப்பார். ஏலிக்குட்டியின் இரும்பு வீட்டுப் படியில்தான் கால் எழவில்லை. பள்ளிக்கூடமும் முங்கிவிட்டது, குட்டநாட்டில் இந்தப் பக்கம் வெள்ளம் தொடாத வீடு இது ஒன்றுதான், ஏறுகிறீர்களா இல்லையா என்று தோணிக்காரன் முறைத்தான். மாவுக்கட்டுப் போட்ட காலோடு மனைவி சுலோசனா மழையில் நனைந்துகொண்டிருந்தாள். ஏலிக்குட்டியே இறங்கி வந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். மேஸ்திரி பின்னால் போனார்.

போகாமல் என்ன செய்வது? ஆனால் இந்த வீட்டைப் பற்றி மேஸ்திரி பேசின பேச்சு கொஞ்சநஞ்சமா? ஆறு வருஷத்துக்கு முன்னால், வயலை நிரவி வீடு கட்ட நினைத்தபோது ஏலிக்குட்டி முதலில் கேட்டது இவரிடம்தான். சேற்று நிலம், இரும்புச் சட்டம் போட்டால் பாரம் குறைவு, மண் தாங்கும் என்று ஒரு இன்ஜினீயர் சொன்னாராம். "இரும்புல வீடா சேச்சி? கோழிக்கூடுதான் கட்டுவாங்க" என்று நாலு பேர் முன்னால் சிரித்தார் மேஸ்திரி. இன்ஜினீயர் சொன்னது சரியென்று அவருக்கு அப்போதே தெரியும். இரும்பு வேலை தெரியாது, வேலை கைவிட்டுப் போகும், அவ்வளவுதான் விஷயம்.

கான்கிரீட்டில் கட்டினார். வீட்டை ஒப்படைக்கிற அன்றைக்குத் தரை நடுவே ஒரு கோலியை வைத்து, அது உருளாமல் நிற்பதைக் காட்டி, அதையே வீட்டுக்காரர் கையில் கொடுப்பது அவர் வழக்கம். ஏலிக்குட்டிக்கும் ஒரு பச்சைக் கோலி கொடுத்தார். மூன்றாவது மழைக்காலத்தில் வீட்டின் தெற்குப் பக்கம் சேற்றில் இறங்கியது. சுவரில் கை நுழைகிற விரிசல். மண் சரியில்லை, நான் என்ன செய்ய என்றவர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவள் அதை இடித்துவிட்டு, பட்டறையில் அறுத்துத் துளையிட்ட தூண்களையும் உத்தரங்களையும் தோணியில் கொண்டுவந்தாள். நாலு பேர் பதினோரு நாளில் போல்ட்டை முடுக்கி வீட்டை நிறுத்திவிட்டார்கள், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே. பால் காய்ச்சக் கூப்பிட்டபோது மேஸ்திரி போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, தகர டப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த டப்பாவுக்குள் உட்கார்ந்து கஞ்சியும் பயறும் சாப்பிட வேண்டியிருந்தது. தரைக்குக் கீழே வெள்ளம் தூண்களுக்கு நடுவே தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வாய்க்காலுக்கு அக்கரையில், தன் கையால் கட்டின சொந்த வீடு ஜன்னல்வரை முங்கிக் கிடப்பது நன்றாகத் தெரிந்தது. சுலோசனா அசந்து தூங்கிவிட்டாள். அவர் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டார்.

"சேச்சி, அன்னிக்கு நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இரும்புதான் சரின்னு."

ஏலிக்குட்டி கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியாம சொல்லிட்டீங்கன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன், மேஸ்திரி" என்றாள். கோபமில்லை. அதுதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது. திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்.

அவள் எழுந்து போய் அலமாரியைத் துழாவினாள். திரும்பி வந்து அந்தப் பச்சைக் கோலியை அவருடைய கிண்ணத்துக்கு முன்னால், தரையில் வைத்துவிட்டு, சுலோசனாவுக்குப் போர்வை எடுக்கப் போனாள்.

ஒரு நூலளவாவது உருண்டு தொலையாதா என்றிருந்தது மேஸ்திரிக்கு. கஞ்சியில் ஆடை படிகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வெள்ளம் இரைந்து போயிற்று. கோலி வைத்த இடத்திலேயே நின்றது.