உட்கார்ந்தே சொன்ன வணக்கம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கடையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் எங்களுக்கு ஸ்டூல் நிலைத்திருக்காது. பெயர் ஞானகுமாரி. கரையான்சாவடி மெயின் ரோட்டில் உள்ள ஜவுளிக்கடையில் மாடிப் புடவைப் பிரிவு என் பொறுப்பு.

விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததும், முதலாளி தங்கவேல் மறுபேச்சில்லாமல் நல்ல ஸ்டூல்களாக வாங்கிப் போட்டார். தங்கமான மனுஷன். எங்களில் அதிகம் சந்தோஷப்பட்டவள் கலைவாணி. நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. சாயங்காலம் நாங்கள் இருவரும் போகும் குத்தம்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்க என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். உட்கார்ந்து வேலை பார், இல்லாவிட்டால் வேலையை விடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆனால் மாடிப்படியில் முதலாளியின் தலை தெரிந்தால் போதும், அத்தனை பேரும் விருட்டென்று எழுந்துவிடுவோம். அவர் கேட்டதில்லை, நாங்களாகக் கொடுக்கும் மரியாதை. அவரும் ஓரிடத்தில் இருக்கமாட்டார், சும்மா சும்மா மேலே வருவார். உட்கார்வதும் எழுவதுமாகக் கலைவாணியின் கால் முன்பைவிட மோசமானது.

ஒருநாள் சாயங்காலம் முதலாளி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் வர்றப்பல்லாம் நின்னுகினுதான் கீறீங்க. சுறுசுறுப்பான பொண்ணுங்கம்மா! ஸ்டூல் எதுக்கு? நாளைக்கு எல்லாத்தையும் குடோன்ல போடச் சொல்றேன்."

பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் கீழே யாரோ கூப்பிட, இறங்கிப் போய்விட்டார். கலைவாணி முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, எங்கள் மேல்தான்.

மறுநாள் காலையில் எல்லோரையும் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு மொதலாளி வந்தா எவளும் எழுந்துக்கக் கூடாது."

"ஐயோ அக்கா, திமிருன்னு நெனச்சுக்குவாரு" என்றாள் கலைவாணி.

"நெனைக்கட்டும். திட்டு உழுந்தா என் தலையில உழட்டும்."

முதலாளி வந்தார். பழக்கம் விடுமா? எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கலைவாணியும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் மட்டும் அசையவில்லை. உட்கார்ந்தபடியே கைகூப்பி வணக்கம் சொன்னேன்.

அவர் நின்றுவிட்டார். "இன்னா ஞானகுமாரி, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லா இருக்கணும்னுதான் உக்காந்துகினு கீறேன் மொதலாளி. நீங்க வர்றவரைக்கும் இதுங்களும் உக்காந்துகினுதான் இருந்துச்சுங்க. உங்களைப் பாத்துதான் எழுந்துச்சுங்க. அந்தக் கலைவாணி காலைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். அவள் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உக்காரும்மா" என்றார். அவள் தயங்கினாள். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு முதலில் அவரே உட்கார்ந்தார். "இப்போ உக்காரு. இனிமே எனக்காக யாரும் எழுந்துக்க வேணாம். மரியாதை மனசுல இருந்தா போதும்."

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமையை என் கல்யாணத்தன்றுகூட நான் அடைந்ததில்லை.

இப்போது அவர் வந்தால் எங்கள் தலைகள் மட்டும்தான் நிமிரும். போன வாரம் கடை மூடிக் கிளம்பும்போது, வழக்கம்போலக் கலைவாணிக்காகத் தோளைச் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் எனக்கு முன்னால் ரோட்டைத் தாண்டி, பஸ் படியில் நின்றபடி கத்தினாள்:

"இன்னாக்கா அங்க நின்னுகினு கீற? ஓடியா, உனக்கும் உக்கார எடம் புடிச்சிட்டேன்!"